பாறை ஓரத்து எலுமிச்சை

காலை ஆறு மணி பத்து நிமிடம். மாரிகுப்பத்தில் அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஜன்னல் விளிம்பில் இருந்த ஓர் எவர்சில்வர் தட்டு. அதில் சில மாவிலைகள், சப்போட்டா இலைகள், ஓர் எலுமிச்சைக் கொத்து. கொத்தின் காம்பில் ஈரத் துணி சுற்றியிருந்தது. அதன் பிறகுதான் கட்டிலில் இருந்த அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அக்காவின் கணவரான மாமா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து சாயந்திரம் எடுத்தாந்தேன். அவ இன்னும் பாக்கல" என்றார்.

அக்கா நம்மை விட்டுப் போன அந்தக் காலைக்கு இந்த மாதத்துடன் ஓர் ஆண்டு ஆகிறது. நான் அவருடைய தங்கை. பெங்களூரில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்து, முன்கூட்டியே ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பியவள். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வரும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி மாமா கேட்டார். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதியிருக்கிறேன்.

அக்கா பிறந்தது மைசூர் மைன்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில். அப்பா சுரங்கத்துக்குள் வேலை பார்த்தார். அம்மாவுக்கு ஆஸ்துமா. அதனால் குழாயடியில் வரிசையில் நிற்பது, அப்பாவின் ஷிஃப்டுக்கு ஏற்றபடி உலை வைப்பது, என் தலையை வாரிப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் அக்கா பத்து வயதிலிருந்து செய்தார். எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். மேலே படிக்க அவருக்கு ஆசை இருந்தது, படித்தது நான்.

மாமா சுரங்கத்தில் மரத்தூண் நிறுத்தும் வேலையில் இருந்தார். மேலிருக்கும் பாறை சரியாமல் முட்டுக் கொடுக்கிற வேலை அது. அக்காவை மணந்த நாளில் அவர் இரவு ஷிஃப்ட் முடித்து நேராகக் கோயிலுக்கு வந்தார் என்பது நம் குடும்பத்தில் பலமுறை சொல்லப்பட்ட கதை. உண்மையில் அவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் வந்தார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா அதை மறைத்ததும் இல்லை, பெரிதாகப் பேசியதும் இல்லை. பின்னாளில் நிலம் வாங்கியபோது யாரோ ஆறுதலாக, "மரம்தான் இனி உங்க பிள்ளைங்க" என்றார்கள். "பிள்ளைங்கன்னா லீவுலயாவது வந்து பாத்துட்டுப் போவும். இதுங்களை நாம இல்ல போய்ப் பாக்கணும்?" என்றார் அக்கா.

சுரங்கம் மூடியபோது மாமாவுக்கு வேலை போயிற்று. அடுத்த சில வாரங்களில் அக்கா பெங்களூரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். தைத்து வரும் சட்டையை விளக்கொளிக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, தையல் விட்ட இடம், நூல் இழுத்த இடம், கறை ஆகியவற்றைக் கண்டுபிடிக்கும் பிரிவு. விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுவார். இருட்டிய பிறகு இறங்குவார். ஓய்வு பெறும் வரை அதே வேலை, அதே ரயில். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை தவிர பகல்ல நம்ம ஊரு எப்பிடி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சுடி."

அந்தப் பகலுக்காகத்தான் நிலம் வாங்கினார். வேலையின் கடைசி ஆண்டில், பேத்தமங்கலம் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே, ஒரு ஏக்கருக்கும் குறைவான மேட்டு நிலம். ஓய்வுக்குப் பிறகு காலையில் அங்கே போய் உட்கார வேண்டும், சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். நிழலுக்கு மா, சப்போட்டா. வேலி ஓரம் எலுமிச்சை.

நர்சரிக்காரர் ஒட்டுக் கன்றுகளை ஏற்றி அனுப்பும்போது, குழி இரண்டரை அடி போதும் என்று கன்னடத்தில் சொன்னார். மாமா தலையாட்டினார். நிலத்துக்கு வந்ததும், தன்னுடன் சுரங்கத்தில் வேலை பார்த்த செல்வராஜ் அண்ணனையும் ஆரோக்கியம் அண்ணனையும் அழைத்தார். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள்.

"ரெண்டரை அடியாம்" என்றார் மாமா.

"அவரு செடி விக்கறவரு. குழியை நாம பாத்துக்கலாம்" என்றார் செல்வராஜ் அண்ணன்.

நாலரை அடி தோண்டினார்கள். மேலே சிவப்பு மண், கீழே கெட்டி மண். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நான்கு சுவரையும் நேராகச் செதுக்கினார்கள். மண்வெட்டியின் முதுகால் சுவரைத் தட்டி வழவழப்பாக்கினார்கள். சாலையில் போன சைக்கிள்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து நானும் அக்காவும் போனபோது மூவரும் குழிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள், அதிகாரி வந்து பார்க்கும் நாளில் நிற்பதுபோல. அக்கா ஒரு குழியை எட்டிப் பார்த்தார்.

"கேஜ் எறக்கலாம் போல கீது" என்றார்.

சுரங்கத்தின் செங்குத்துக் குழியான ஷாஃப்ட்டில் ஆட்களை இறக்கும் கூண்டுதான் கேஜ். மூன்று பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். சுரங்கம் மூடிய பிறகு மாமா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

குழியில் எருவும் மேல்மண்ணும் கலந்து போட்டுக் கன்றுகளை நட்டார்கள். முதல் மழையில் நன்றாக இருந்தன. ஆடிக் காற்று ஓய்ந்த சமயத்தில் இலைகள் மஞ்சளாகின. கீழ் இலைகள் முதலில், பிறகு மேலே. நுனி கருகியது. வெயில் ஏறினால் கன்று துவண்டது. துவண்டதால் மாமா இன்னும் தண்ணீர் ஊற்றினார்.

ஞாயிறு தவிர அக்காவுக்குப் பகலில் போய்ப் பார்க்க வழியில்லை. மாமா சாயங்காலம் வரும்போது இலைகளைப் பறித்து வருவார். அக்கா அவற்றை டிபன் பாக்ஸின் மேல் தட்டில் வைத்து ரயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு வேலையாகச் சென்ற நாளில் நானும் அந்தப் பெட்டியில் இருந்தேன். அக்காவின் கூட்டாளிகள் வழக்கமான இடத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பங்காருபேட்டை தாண்டியதும் டிபன் பாக்ஸ் திறந்தது.

"இன்னாக்கா, இன்னைக்குக் கீரையா?" என்றார் ரோசி. இவர் அக்காவுடன் அதே பிரிவில் வேலை பார்த்தவர்.

"கீரை இல்லடி. நோயாளி."

இலை கைமாறியது. ரோசி முகர்ந்து பார்த்தார். "இது சயனைட்டுதான்க்கா. எங்க வூட்டு முருங்கை இப்பிடித்தான் போச்சு."

"உங்க மாமியார் சுடுதண்ணி ஊத்தித்தான் முருங்கை போச்சுன்னு போன மாசம் சொன்னியே."

"அதுவுந்தான்."

பெட்டியே சிரித்தது. ஆனால் சயனைட் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சயனைட் கொண்டு தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய அரைத்த மண் மலைபோலக் குவிந்திருக்கும் ஊர் நம்முடையது. காற்றடித்தால் அந்தச் சாம்பல் நிறத் தூசி வீட்டுக்குள் வரும், துணியில் வரும், சோற்றில் வரும். இருமலுக்கும் அதைத்தான் சொல்வோம், முடி கொட்டினாலும் அதைத்தான் சொல்வோம். கன்றுகளின் இலைமேலும் அது படிந்திருந்தது. எனக்கும் அதுதான் காரணம் என்று தோன்றியது.

அக்கா அப்படியே நம்பிவிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மாங்கன்றைச் சுற்றிக் கம்பு நட்டுப் பழைய வாயில் புடவையைக் கூடாரம்போலக் கட்டினார். பக்கத்துக் கன்றை ஈரத் துணியால் தினமும் துடைக்கும்படி மாமாவிடம் சொன்னார். மூன்றாவதை அப்படியே விட்டார். மூன்றும் ஒன்றுபோல மஞ்சளாகின.

"தூசி இல்ல" என்றார் அக்கா.

பிறகு இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் வெளுத்தால் ஒரு சத்துக் குறைவு, இலை முழுதும் ஒரே சீராக வெளுத்தால் வேறு, ஓரம் மட்டும் கருகினால் வேறு என்று உரக்கடைக்காரர் சொல்லியிருந்தார். அவரிடமிருந்து நுண்சத்து உரம் வாங்கித் தண்ணீரில் கரைத்துத் தெளித்தார்கள். ஒரு வாரம் தேறியதுபோல இருந்தது. மாமா பிரியாணி வாங்கி வந்தார். மறுவாரம் இலைகள் உதிர்ந்தன.

எலுமிச்சையில் இன்னொரு தொல்லை. இளம் இலைகளில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடியது. இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையில் ஒரு சின்னப் புழு துளைத்துக்கொண்டு போகும் வழி அது. செல்வராஜ் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "லெவல் போட்டுக்கினு போறான் பாரு. சர்வேயர் யாருடா உனக்கு?" என்றார். சுரங்கத்தில் கிடையாக வெட்டிப் போகும் வழிக்கு லெவல் என்று பெயர். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடித்தார்கள். அடுத்து வந்த தளிர் சுத்தமாக இருந்தது. அக்கா சரியாகக் கண்டுபிடித்த முதல் நோய் அதுதான்.

ஆனால் மஞ்சள் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் மனை போட்டு விற்கும் ஒருவர் நிலத்தைக் கேட்டு வந்தார். மாமா அக்காவிடம் சொன்னார்: "கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள தேறலன்னா குடுத்துடலாம். செத்த குச்சிங்களுக்குத் தண்ணி ஊத்திக்கினு என்னால நிக்க முடியாது." அக்கா சரி என்றார். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கும் வழக்கம் அவர்கள் இருவருக்கும் இல்லை.

ஐப்பசியில் அக்கா ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்தார். காலை முதல் மாலை வரை நிலத்திலேயே இருந்தார். இலை பறிக்கவில்லை, சும்மா நடந்தார். மதியம் எனக்குப் போன் செய்து, "வாடி, ஒண்ணு காட்டணும்" என்றார்.

நான் போனபோது வேலியின் மேற்கு மூலையில் நின்றுகொண்டிருந்தார். அங்கே நிலத்துக்குள்ளிருந்து ஒரு பாறை முதுகு தெரியும். அதை ஒட்டி மூன்று எலுமிச்சைக் கன்றுகள். அவற்றிலும் புழு ஓடிய பழைய கோடுகள் இருந்தன. ஆனால் இலைகள் கரும்பச்சை. அதே வேலி ஓரத்தில் பத்தடி தள்ளி நின்ற எலுமிச்சைகள் மஞ்சள். ஒரே நர்சரி, ஒரே எரு, ஒரே தூசி.

மாமா வாளியுடன் வந்தார், பின்னாலேயே செல்வராஜ் அண்ணனும் ஆரோக்கியம் அண்ணனும். அக்கா கேட்டார்: "இந்த மூணுத்துக்கு மட்டும் இன்னா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. பாறை தட்டிடுச்சு. முழங்கால் ஆழத்துல வுட்டுட்டோம்."

சொல்லிவிட்டு மாமா நின்றார்.  அக்கா கொண்டுவந்திருந்த சாப்பாட்டை எல்லோருக்கும் எடுத்து வைத்தார். செல்வராஜ் அண்ணனுக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது, "ஒரே ஒரு கன்னைத் தோண்டிப் பாக்கலாமா?" என்றார்.

"குழியில தப்பு இருக்காதும்மா" என்றார் அவர்.

"தப்புன்னு யாரு சொன்னா? பாக்கலாம்னுதான் சொன்னேன்."

ஆரோக்கியம் அண்ணன் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "இருவத்தஞ்சு வருசம் தோண்டினவனுக்குக் குழி பாக்கச் சொல்லித் தராங்கப்பா" என்று தட்டிடம் சொன்னார்.

"நான் இருவது வருசம் சட்டை பாத்தவ அண்ணே. நல்லா தச்ச சட்டையும் திரும்பி வரும். தச்சவன் மேல தப்பு இருக்காது. அளவு வேற ஆளோடதா இருக்கும்."

மாமா எழுந்து மண்வெட்டியை எடுத்தார். வரிசையின் நடுவிலிருந்த மாங்கன்றுக்குப் பக்கவாட்டில் தோண்டினார். மண்ணுக்கு மேலே தெரிய வேண்டிய ஒட்டு முடிச்சு ஓரடி ஆழத்தில் வந்தது. எரு மக்கி மண் அமுங்கியதில் கன்று கீழே இறங்கியிருந்தது. இன்னும் தோண்டினார். அழுகிய நாற்றம் வந்தது. பிறகு தண்ணீர். ஐந்து நாளாக மழை இல்லை, ஆனால் குழியின் அடியில் தண்ணீர் நின்றது. வேர்கள் கருத்திருந்தன. பிழைத்திருந்த ஒன்றிரண்டு வேர்கள் வழவழப்பான சுவரைத் துளைக்க முடியாமல் அதை ஒட்டியே வளைந்து சுற்றியிருந்தன.

மாமா குழிக்குள் கையை விட்டுச் சுவரைத் தடவினார். நெடுநேரம் தடவினார்.

"தண்ணி நின்னுடுச்சு" என்றார். "பம்ப் வெக்காத ஷாஃப்ட்."

செல்வராஜ் அண்ணன் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.  அக்கா பாத்திரங்களைக் கழுவப் போனார். திரும்பி வந்தபோது மூவரும் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்: எந்தப் பக்கம் சரிவு, எந்த வழியாகத் தண்ணீரை இழுப்பது, வாய்க்கால் எவ்வளவு ஆழம். சுரங்கத்திலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது அவர்களுக்குத் தெரிந்த வேலை.

மறுநாள் கடப்பாரையுடன் வந்தார்கள். தாங்களே வழவழப்பாக்கிய சுவர்களை உடைத்தார்கள். கன்றுகளைத் தாய்மண்ணோடு தூக்கி, கருத்த வேர்களை வெள்ளை தெரியும் வரை நறுக்கினார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசலை வேரில் ஊற்றினார்கள். குழிகளை மூடி, அதன்மேல் மண்ணைக் குவித்து மேடாக்கி, ஒட்டு முடிச்சு ஒரு சாண் வெளியே தெரியும்படி நட்டார்கள். தென்னை ஓலையால் நிழல் கட்டினார்கள். மண்ணில் விரலை விட்டு, உள்ளே காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர் என்பது அக்காவின் கட்டளை. புது இலை வரும்வரை எரு கூடாது.

சில கன்றுகள் அந்த வாரமே போயின. மற்றவை இருந்த இலையையும் உதிர்த்தன. கிறிஸ்மஸ் வந்தபோது நிலத்தில் மேடுகளும் குச்சிகளும்தான் இருந்தன. மனைக்காரர் கேக் டப்பாவுடன் வந்தார். அன்று அக்காவும் அங்கே இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வயிற்று வலி தொடங்கியிருந்தது. பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அவர் ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டி மாமாவிடம் காட்டினார். அடியில் பச்சை. அடுத்த குச்சியையும் சுரண்டினார். அதிலும் பச்சை.

மாமா மனைக்காரரிடம், "ஈஸ்டருக்கு வாங்க" என்றார். அவர் வாக்கு மாறிப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பரிசோதனை முடிவு ஜனவரியில் வந்தது. கட்டி வயிற்றில் பரவியிருந்தது. பெங்களூரில் மருத்துவர்கள் முயன்றார்கள். பிறகு வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். அக்கா நிலத்தில் முழுதாகக் கழித்த பகல்கள் மிகச் சில. அவற்றைப் பற்றி அவர் அதிகம் பேசினார். பதினோரு மணிக்கு அந்தப் பக்கம் ஒரு மீன்கொத்தி வரும் என்றார். கிணறு இல்லாத இடத்துக்கு அது ஏன் வருகிறது என்று கேட்டார். 

மாமா மறுபடியும் இலை கொண்டுவரத் தொடங்கினார். அக்கா தலையணையில் சாய்ந்தபடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிப்ரவரியில் ஒருநாள் மாமா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மா எல்லாம் செவந்துபோச்சு. இது வேற நோவு போல கீது."

அக்கா இலையை வாங்கினார். செம்பு நிறம், பட்டுபோல மெல்லியது. திருப்பிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது நோவு இல்ல. தளிரு. மாவுக்குத் தளிரு இப்பிடித்தான் வரும். உங்களுக்கு நல்லது வந்தாலும் பயந்தான்."

"நான் இன்னா கண்டேன்? மஞ்சளைத்தானே பாத்தேன்" என்றார் மாமா. அவர் அழுததை அக்கா பார்த்தார். "உங்க ஷாஃப்ட்டுல தண்ணி வருது, போயி பம்ப் போடுங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நாளில் இரண்டு மாங்கன்றுகள் பூத்தன. முதல் சில ஆண்டுகளுக்குப் பூவைக் கிள்ளிவிட வேண்டும், காய்க்கு விட்டால் இலைக்கும் வேருக்கும் போகிற பலம் போய்விடும் என்று அக்கா சொன்னார். மாமாவுக்கு மனம் வரவில்லை. அக்கா தினமும் கேட்டார். கடைசியில் மாமா கிள்ளி, அந்தப் பூங்கொத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அதற்கு மறுவாரம், மார்ச் மாதத்தில், விடியும் நேரத்தில், மாமா பக்கத்தில் இருக்க, அக்கா இறைவனிடம் சென்றார். என்னை அழைத்தபோது மணி ஐந்தரை.

அக்காவின் நோய்க்காலத்தில் வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும், ஊசி போட ஒருநாளும் தவறாமல் வந்த செவிலியர் சகோதரிக்கும் எங்கள் நன்றி. ரோசியும் ரயில் கூட்டாளிகளும் ஒருநாள் சம்பளத்தை விட்டு அடக்கத்துக்கு வந்து, கல்லறைத் தோட்டம் வரை நடந்தார்கள். செல்வராஜ் அண்ணனும் ஆரோக்கியம் அண்ணனும் கல்லறைக் குழியைத் தாங்களே வெட்ட வேண்டும் என்று கேட்டு வெட்டினார்கள். இவர்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த சொற்கள் போதாது.

நினைவு ஆராதனை முடிந்ததும் அனைவரும் நிலத்துக்கு வந்து சாப்பிட வேண்டும் என்று மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமரங்கள் இந்த ஆண்டும் பூத்தன. மாமா கிள்ளவில்லை. பிஞ்சு பிடித்திருக்கிறது.